துட்டி சொல்லாத பகல்

பிளாரன்ஸ் அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கே முகத்துக்குப் பவுடர் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போன் வரப்போவது மதியம் ஒன்றரைக்கு.

"மாமி, இன்னும் நாலரை மணி நேரம் கிடக்கு. கொஞ்சம் படுங்க" என்றாள் மருமகள் ஜாஸ்லின்.

"வெள்ளைக்காரி முன்னாடி தூக்கக் கலக்கத்துல போயி நிக்கச் சொல்லுதியா? நீ போ. நான் இங்கிலீஷ் சொல்லிப் பாக்கணும்."

அந்தப் போன் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்கும்.

புன்னைக்காயலில் மாமியாரும் மருமகளுமாகச் சேர்ந்து வலைப்பை பின்னி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பருத்தி நூலில், மீன்வலை பின்னுகிற அதே ஊசியால், அதே முடிச்சால் பின்னுகிற பை. டென்மார்க்கில் அதில் ஆப்பிள் வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது நாகரிகமாம். வீட்டுக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை போட்டு, பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து பின்னினார்கள். ஏற்றுமதி லைசென்ஸும் பாங்குக் கணக்கும் பிளாரன்ஸ் பேரில். வீடு அவள் பேரில் இருந்ததால் எல்லாம் அப்படியே அமைந்துபோயிற்று. ஜாஸ்லினின் புருஷன் சிலுவை கப்பல்காரன். நடுக்கடலில் இருந்தால் போனும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஆகஸ்டில் ஆயிரத்து எண்ணூறு பைகள் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறின. நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபாய்ச் சரக்கு. சரக்குப் போய்ச் சேர்ந்தது. பணம் வரவில்லை. வாங்கிய கம்பெனியில் கிர்ஸ்டன் என்று ஒரு பெண். அவளிடமிருந்து கேள்விதான் வந்தது. கைப்பிடி அரை இஞ்சு குறைகிறது, ஒவ்வொரு பையையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து அனுப்பு என்றாள். ஆயிரத்து எண்ணூறையும் எப்படி எடுப்பது, சரக்குதான் உன் ஊரில் இருக்கிறதே என்று கேட்டால், அதுவும் சரிதான் என்று பத்து நாள் கழித்துப் பதில் எழுதினாள். பிறகு கணக்குப் பார்க்கிறவர் லீவு என்றாள். இப்படியே நாலு மாதம்.

நடுவில் இவர்களுடைய பாங்கு இன்னொரு பாங்கோடு சேர்ந்து கணக்கு நம்பர் மாறிவிட்டது. புது நம்பரை எழுதி அனுப்பியதும் கிர்ஸ்டனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்படி நம்பர் மாற்றி மெயில் அனுப்பிப் பணத்தைச் சுருட்டுகிற திருடர்கள் உலகமெங்கும் இருக்கிறார்களாம். கணக்குக்கு உரியவளே வீடியோ காலில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, தன் வாயால் நம்பரைச் சொல்ல வேண்டும். டிசம்பர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை, அவர்கள் ஊர் நேரம் காலை ஒன்பது. சொன்னால் அன்றைக்கே பணத்தை அனுப்பிவிட்டு ஆபீசைப் பூட்டுவார்கள். இல்லையென்றால் ஜனவரி பாதிக்கு மேல்தான்.

ஜனவரி வரை தாங்காது. நூல் வாங்க எடுத்தது குழுக்கடன். ஜாஸ்லினும் பன்னிரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டு, பதிமூன்று பேரும் கையெழுத்து வைத்த கடன். இரண்டு தவணை தவறியாயிற்று. திங்கட்கிழமை மூன்றாவது. அதுவும் தவறினால் பதிமூன்று வீட்டு வாசலிலும் வசூல்காரன் வந்து உட்காருவான். இரண்டு மாதக் கூலியும் பாக்கி. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள்.

அதனால்தான் பவுடர். அதனால்தான் இங்கிலீஷ்.

பத்தே கால் இருக்கும். ஜாஸ்லின் குசினியில் டீ போட்டு எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பிளாரன்ஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆதார் அட்டை. கண்ணாடி மூக்கில் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"மாமி, டீ."

"மாமி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தோளைத் தொட்டாள். தலை அவள் கைமேல் சாய்ந்தது. அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. எழுபத்தோரு வயசு மனுஷி, கன்னத்தில் பவுடர் கலையாமல் போயிருந்தாள்.

ஜாஸ்லின் கத்த வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில்தான் கொட்டகையிலிருந்து பேச்சியின் குரல் வந்தது. பேச்சிதான் பின்னுகிறவர்களில் மூத்தவள்; பிளாரன்ஸை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏளா ஜாஸ்லின்! அக்கா இங்கிலீஷ் முடிச்சுட்டாளா, இன்னும் ஏ பி சி டியிலதான் நிக்காளா?"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

திறந்த வாயை ஜாஸ்லின் மூடிக்கொண்டாள். ஏன் மூடினாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. மாமியைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து வைத்தாள். கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்டாள். கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"மாமி தூங்குதா. போன் வார வரைக்கும் எழுப்பாதீங்க" என்றாள்.

"ராத்திரி முழுக்கப் படிச்சிருப்பா" என்றாள் பேச்சி. "பரிட்சைக்குப் போற பிள்ள மாதிரி. தூங்கட்டும், தூங்கட்டும். ஏ இசக்கித்தாய், சத்தத்தக் குறை."

இந்த இடத்தில் ஜாஸ்லினைத் திட்டுவீர்கள். எனக்குத் தெரியும், கண்ணுகளா. திட்டுங்கள். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் உயிர் போனால் முதலில் கோயிலுக்கு ஆள் போகும். துக்க மணி அடிக்கும். மணிச் சத்தம் கேட்ட பத்தாம் நிமிஷம் ஊரே துக்கம் கேட்க அந்த வீட்டுக்குள் துட்டிக்கு வந்துவிடும். அப்புறம் எந்தப் போன், எந்த டென்மார்க்?

ஜாஸ்லின் மூன்று மணி நேரம் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்றால், செத்துக் கிடந்தவளிடமேதான். "மாமி, மூணே மணி நேரம். மன்னிச்சிருங்க" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த எமில்டாவுக்குப் போன் போட்டாள். பிளாரன்ஸின் தங்கை. அதே முகம், அதே நெற்றி, நாலு வயசு இளையவள்.

எமில்டா முன்வாசல் வழியாக வந்தாள். உள்ளறைக்குள் கால் வைத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போ?"

"பத்தே காலுக்கு, சின்ன மாமி."

"கோயிலுக்கு ஆள் போயாச்சா?"

ஜாஸ்லின் கட்டில் மேலிருந்த ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். எமில்டா அட்டையைப் பார்த்தாள், ஜாஸ்லினைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் பளீரென்று ஓர் அறை விட்டாள்.

"சண்டாளி!" என்றாள் அடித்தொண்டையில். "அவ சூடு ஆறலியேளா இன்னும்!"

"அடிங்க. இன்னும் அடிங்க. ஆனா திங்கக்கிழம அந்தப் பன்னெண்டு பேரு வாசல்லயும் வந்து உக்காருவான், அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்? இசக்கித்தாய் வீட்ல போன மாசமே அவ புருஷன் பூச்சி மருந்து எடுத்துட்டு நின்னான். மாமி இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க, நீங்களே சொல்லுங்க."

எமில்டா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் பேச்சி கிர்ஸ்டனைப் போல மூக்கால் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். "ப்ளீஸ் வெயிட், ப்ளீஸ் வெயிட். இவ வீட்ல அடுப்புகூட ப்ளீஸ் வெயிட்னு சொல்லிட்டுத்தான் எரியும் போல." மறுபடியும் சிரிப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேரும் வாயில் சேலையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு போன்தானே?" என்றாள் எமில்டா கடைசியில்.

"ஒரே போன்."

எமில்டா குனிந்து அக்காவின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கின் இரண்டு பக்கமும் அது பதிந்திருந்த தடம் சிவப்பாக அப்படியே இருந்தது. கண்ணாடியைத் தன் சேலையில் துடைக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. அப்படியே போட்டுக்கொண்டாள்.

சரியாக ஒன்றரைக்குப் போன் அடித்தது.

முன்னறையில், மேசைமேல் இரண்டு செம்பு வைத்து அதில் போனைச் சாய்த்திருந்தார்கள். கிர்ஸ்டன் வந்தாள். வெள்ளைச் சுவர், கையில் காப்பிக் கோப்பை. நாலு மாதமாக மெயிலில் வதைத்த பெண் இவள்தானா என்று தோன்றுகிற மாதிரிச் சாதாரண முகம், தூக்கம் கெட்ட கண்.

"குட் மார்னிங், கிர்ஸ்டன்" என்றாள் எமில்டா. அக்கா சொல்ல வேண்டிய வார்த்தை.

கிர்ஸ்டன் கேட்டதையெல்லாம் ஜாஸ்லின் தமிழில் சொன்னாள். அட்டையைக் காட்டச் சொன்னாள், காட்டினாள் எமில்டா. முகத்தை அருகே கொண்டு வரச் சொன்னாள், கொண்டுவந்தாள். கணக்கின் கடைசி ஆறு நம்பரை வாசிக்கச் சொன்னாள். ஜாஸ்லின் போனுக்குப் பின்னால் அட்டையில் பெரிதாக எழுதிப் பிடித்திருந்ததை எமில்டா வாசித்தாள். கிர்ஸ்டன் எதையோ தட்டினாள்.

"நல்லது. எல்லாம் சரியாக இருக்கிறது. இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்" என்றாள்.

ஜாஸ்லின் அட்டையைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அப்போது கிர்ஸ்டன் சிரித்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். "தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள். செப்டம்பரில் பை மெஷினில் செய்ததோ என்று நான் சந்தேகப்பட்டபோது, இவர் முடிச்சுப் போட்டுக் காட்டிய வீடியோவை அனுப்பினீர்களே, அதை இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு முடிச்சு, ஒன்றே ஒன்று, இவர்களுக்குக் காட்டுவாரா?" அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்து நின்று கையசைத்தார்கள்.

மறுக்க என்ன இருக்கிறது? எமில்டாவும் பிறந்ததிலிருந்து வலை பின்னுகிறவள்தானே. ஜாஸ்லின் ஊசியையும் நூலையும் எடுத்துக் கொடுத்தாள். எமில்டா வாங்கி, சரசரவென்று இரண்டு முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சிலேயே கிர்ஸ்டனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்றைக்கு வலது கையா?" என்றாள்.

ஜாஸ்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. பிளாரன்ஸ் இடதுகைக்காரி. ஊரில் அவள் ஒருத்திதான் இடது கையால் பின்னுகிறவள். அவள் போட்ட முடிச்சு எதிர்ப்பக்கம் சாயும். நாற்பது வருஷமாகப் பார்த்துப் பழகியதில் வீட்டில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. கிர்ஸ்டன் ஒரே ஒரு தடவை பார்த்தவள். அவளுக்கு அது மட்டும்தான் நினைவில் இருந்தது.

"இடது கையில் வலி" என்றாள் ஜாஸ்லின். இங்கிலீஷ் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

கிர்ஸ்டன் எமில்டாவின் கையையே பார்த்தபடி காத்திருந்தாள்.

எமில்டாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தப் பார்வை தெரிந்தது. ஊசியை இடது கைக்கு மாற்றினாள். நூலைச் சுற்றினாள். அவிழ்ந்தது. மறுபடி சுற்றினாள். நூல் ஊசியில் சிக்கியது. ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"எனக்கு வராது தாயி" என்றாள் போனைப் பார்த்து, தமிழிலேயே. "இது அக்கா கை. என் கையில வராது."

"சின்ன மாமி!"

"போளா."

எமில்டா போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஜாஸ்லின் தடுக்கிறதற்குள் உள்ளறைத் தாழ்ப்பாளைத் திறந்து, கட்டில் பக்கம் போய், போனை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னா இருக்கா. கேளு அவகிட்ட."

அந்தப் பக்கம் யாரோ வீலென்று கத்தினார்கள். காப்பிக் கோப்பை விழுந்த சத்தம். கிர்ஸ்டனின் முகம் திரை முழுக்க வந்தது. வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், கண் மட்டும் விரிந்திருந்தது. பிறகு திரை அணைந்தது.

எமில்டா போனைக் கட்டிலில் போட்டாள். பின்கதவைத் திறந்தாள். கொட்டகை வாசலில் நின்று, மூன்று மணி நேரமாக அடக்கி வைத்திருந்த ஓலத்தை விட்டாள். பன்னிரண்டு ஊசியும் நின்றன.

ஆள் ஓடிற்று. ஒன்று ஐம்பதுக்குக் கோயில் மணி அடித்தது.

பேச்சிதான் முதலில் கட்டிலருகே போனாள். பிளாரன்ஸின் கையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் விறைத்திருந்தது. எத்தனை பிணம் குளிப்பாட்டியவள், அவளுக்குத் தெரியாதா? மெல்லத் திரும்பினாள்.

"இது இப்பப் போன உயிரு இல்ல."

ஜாஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். "பத்தே காலுக்கு" என்றாள்.

ஒவ்வொருத்தியும் அந்தக் காலையைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்ததை அவர்கள் முகத்தில் காண முடிந்தது. இசக்கித்தாய் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"நாங்க சிரிச்சோமே" என்றாள் பேச்சி. குரல் உயரவே இல்லை. "அக்கா இங்கன செத்துக் கிடக்கா, அந்தச் சுவத்துக்கு அங்கிட்டு உக்காந்து அவளச் சொல்லியே சிரிச்சோமே. ஏளா, எங்க காசுக்காகவா இதச் செஞ்ச? நாங்க கேட்டோமா உங்கிட்ட?"



சாயங்காலம், வீடு முழுக்க ஆட்கள் இருக்கும்போதே மெயில் வந்தது. மேலே அனுதாபம் நாலு வரி. அதன்பின் விஷயம். இறந்தவர் கணக்குக்குப் பணம் அனுப்ப முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், புது பாங்குக் கடிதம் எல்லாம் வரட்டும், பிறகு பார்க்கலாம். கடைசியில் கிர்ஸ்டன் தன் கையால் எழுதியது போல இரண்டு வரி. "எங்கள் இயக்குநர் இன்று மதியம் வரை ஆபீசில் இருந்தார். போனை எடுத்ததுமே உண்மையைச் சொல்லியிருந்தால் அவரிடம் கையெழுத்து வாங்கி உங்கள் பெயருக்கே அனுப்பியிருப்பேன். ஒருவரை இன்னொருவராகக் காட்டிய பிறகு என்னால் கேட்க முடியவில்லை."

ஜாஸ்லின் அதை மூன்று தடவை வாசித்தாள். பிறகு துட்டிக்கு வந்திருந்தவர்கள் நடுவில் நின்று, மறைக்காமல், தமிழில் வாசித்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை.

மறுநாள் அடக்கம். திங்கட்கிழமைத் தவணைக்கு எமில்டா தன் செயினை அடகு வைத்துக் கட்டினாள். அதற்கடுத்த தவணைகளுக்கு ஜாஸ்லினின் தோடு போயிற்று, வளையல் போயிற்று. பிப்ரவரியில் சிலுவை ஊருக்கு வந்தான். அம்மாவின் கல்லறைக்குப் போய்விட்டு வந்தவன், இரண்டு நாள் பெண்டாட்டியிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அவளோடு போனான். கொட்டகைக்கு மட்டும் யாரும் வரவில்லை.

மார்ச் கடைசியில் பணம் வந்தது. முழுப்பணம், பாங்குக்காரன் பிடித்தது மட்டும் கழித்து. ஜாஸ்லின் பன்னிரண்டு பேருக்கும் ஆள் விட்டாள். வருவார்களோ மாட்டார்களோ என்று இருந்தது. வந்தார்கள். பேச்சியும் இன்னும் ஆறு பேரும் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். நாலு மணி பஸ்ஸை விட்டால் பிறகு இருட்டித்தான் பஸ். அதனால் உட்காராமல், நின்றுகொண்டே கூலியை வாங்கினார்கள். ஜாஸ்லின் எல்லாருக்கும் கவரில் போட்டு வைத்திருந்தாள்.

பேச்சி கவரைப் பிரித்தாள். பார்த்தாள். முந்நூறு ரூபாயை உருவி மேசைமேல் வைத்தாள்.

"ஒரு நாள் கூடப் போட்டிருக்க."

"இல்லக்கா. டிசம்பர் பத்தொன்பது வரைக்கும் சரியாத்தான் போட்டிருக்கேன்."

"பத்தொன்பதாந் தேதி நாங்க எங்க வேலை பார்த்தோம்?"

ஜாஸ்லின் விழித்தாள். "மத்தியானம் வரைக்கும் கொட்டகையில..."

"ஏளா" என்றாள் பேச்சி. "அன்னைக்கு நாங்க துட்டிக்கு வந்திருந்தோம். பத்தே காலுக்கே வந்துட்டோம். அப்படித்தான் வச்சிருக்கோம், நாங்க பன்னெண்டு பேரும் பேசி. துட்டி வீட்ல உக்காந்ததுக்கு எவளாவது கூலி வாங்குவாளா?"

இசக்கித்தாய் தன் முந்நூறை வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். மேசைமேல் நோட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. அறை வாங்கியபோது அழாத, சவப்பெட்டியை மூடும்போது அழாத ஜாஸ்லின், அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, மாமி மாமி என்று கதறினாள்.

பேச்சி கவரை இடுப்பில் செருகினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகத் துட்டி வீட்டில் உட்காருவது போல வட்டமாக உட்கார்ந்தார்கள். நாலு மணி பஸ்ஸை அன்றைக்கு ஒருத்தியும் பிடிக்கவில்லை.